மர மட்டையா, கார்பன் மட்டையா: ஹாக்கியில் எது அதிக நாள் உழைக்கும்?

பள்ளி ஹாக்கி அணியில் பிள்ளைக்கு இடம் கிடைத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி மட்டையைப் பற்றியது. மர மட்டை சீக்கிரம் உடைந்துவிடும், கார்பன், கண்ணாடி இழைகளைப் பிசினில் வார்த்த காம்போசிட் மட்டை என்றால் வருடக்கணக்கில் வரும் என்கிறார் கடைக்காரர். அந்தக் காலத்தில் ஒரே மர மட்டையோடு பல வருடங்கள் ஆடினோம், இன்றைய மட்டை ஒரு சீசனைத் தாண்டுவதில்லை என்கிறார் தெருக்கோடியில் இருக்கும் முன்னாள் வீரர். இருவர் சொல்வதும் உண்மைதான். முன்னாள் வீரர் ஆடியது மண் தரையில், பந்தைத் தள்ளும் புஷ்ஷும், மட்டையோடு ஒட்டி உருட்டிச் செல்லும் டிரிபிளிங்கும் நிறைந்த ஆட்டம். கடைக்காரர் மனத்தில் இருப்பது தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்தரை, அதில் ஓங்கி அடிக்கும் ஆட்டம்.

எந்தத் தரையில், எந்த மாதிரி அடிக்கு மட்டை போகப் போகிறது என்று சொல்லாமல், எது நீடிக்கும் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. மட்டையில் அச்சடித்திருக்கும் கார்பன் சதவீதத்தைப் பார்த்து ஆயுளைக் கணக்கிடுவதுதான் இன்று அதிகம் நடக்கும் தவறு. அதனால் பணம் வீணாவதோடு, பிள்ளையின் ஆட்டமும் கெடுகிறது.

எதை வைத்து எடை போடுவது

ஒரு மட்டை இரண்டு விதமாக முடிவுக்கு வரும். ஒன்று, உடைவது. மற்றொன்று, உடையாமலே தளர்ந்துபோவது. பார்க்க முழுசாக இருக்கும். ஆனால் அடித்தால் பந்து முன்போலப் போகாது. மட்டையின் விறைப்பு குறைந்துவிட்டது என்று பொருள். 'எத்தனை நாள் வரும்' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் வகையை மட்டுமே நினைக்கிறார்கள். போட்டிகளில் ஆடுபவருக்கு இரண்டாவது வகைதான் முக்கியம்.

அடுத்தது தரை. கல் கலந்த கட்டாந்தரை, மணல் தூவிய செயற்கைப் புல்தரை, தண்ணீர் தெளிக்கும் செயற்கைப் புல்தரை ஆகிய மூன்றும் மட்டையை மூன்று விதமாகத் தின்கின்றன.

மூன்றாவது, சேதம் கண்ணுக்குத் தெரியுமா, வீட்டிலேயே சரி செய்ய முடியுமா என்பது. நான்காவது, விலையும் அதற்குப் பின்னால் வரும் செலவும்.

எல்லா மட்டைக்கும் பொதுவான விதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் விதிப்படி மட்டையின் எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது. நீளம் 105 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேலே சுற்றிய டேப், உறை எல்லாவற்றையும் சேர்த்து 51 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட வளையத்துக்குள் மட்டை நுழைய வேண்டும். கரடுமுரடான, கூரிய பகுதி எதுவும் இருக்கக் கூடாது. உலோகத்துக்கு இடமே இல்லை. இந்தக் கடைசி மூன்று விதிகள் பழுது பார்க்கும்போது குறுக்கே வரும். விரிசல் விட்ட மட்டைக்கு ஆணி அடிக்கவோ கம்பி சுற்றவோ முடியாது. டேப்பையும் மனம்போனபடி அடுக்க முடியாது.

மர மட்டை

நம் ஊரில் பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கும் செடியாகத் தெரிந்த மல்பெரியின் மரம்தான் இந்திய ஹாக்கி மட்டையின் உயிர். ஜலந்தர், மீரட், எல்லைக்கு அப்பால் சியால்கோட் என்று மட்டைத் தொழில் வளர்ந்த ஊர்களில் எல்லாம் மல்பெரிக் கட்டையை நீராவியில் பதப்படுத்தி வளைத்து, உலர்த்தி, பந்தை அடிக்கும் வளைந்த முனையான கொக்கியாக்கினார்கள். இங்கிலாந்தில் அதற்கு முன் புழங்கிய ஆஷ் மரத்தை மல்பெரி அளவுக்கு நெருக்கமாக வளைக்க முடியவில்லை. கொக்கி சிறியதானதும் பந்தை இடமும் வலமும் புரட்டுவது எளிதானது. உபகண்டத்து ஆட்டத்துக்கே உரிய அந்த நளினத்தில் இந்த மரத்துக்கும் பங்கு உண்டு.

பழைய முறையில் கைப்பிடி தனியாகப் பிரம்பில் செய்யப்பட்டது. பிரம்புத் துண்டுகளுக்கு நடுவே ரப்பர் பட்டைகளை வைத்து ஒட்டி, அதை ஆப்பு வடிவில் செதுக்கி, கொக்கிக் கட்டைக்குள் இறக்கி, மேலே நூல் சுற்றுவார்கள். அடியின் அதிர்ச்சியைப் பிரம்பும் ரப்பரும் வாங்கிக்கொள்வதால் முழங்கைக்கு வலி குறைவு. மட்டையின் பலவீனமான இடமும் இந்த இணைப்புத்தான். பசை விட்டுப்போனால் கைப்பிடி லேசாக ஆடத் தொடங்கும். அடிக்கும்போது ஒரு மெல்லிய 'கிறீச்' கேட்கும்.

மரத்தின் முதல் எதிரி தண்ணீர். தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்தரையில் கொக்கியின் அடிப்பகுதி எந்நேரமும் ஈரத்தில் உரசுகிறது. மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் மரம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கும். இது திரும்பத் திரும்ப நடக்கும்போது இழைகள் பிரிந்து, கொக்கி நுனியிலிருந்து நார் நாராக எழும்பத் தொடங்கும். 1976 மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்குப் போனது. அந்த முறை ஏழாம் இடத்துக்கு இறங்கிய இந்தியா, தரை மாறியதன் வலியை நன்றாகவே உணர்ந்தது. நாம் அதை வீரர்களின் வேகம், உடல்திறன் பற்றிய கதையாக மட்டும் சொல்கிறோம். மர மட்டையின் கதையும் அங்கேதான் திரும்பியது. தரை சமமாகி, பந்து வேகமாகி, அடி பலமானபோது மரத்தின் நெகிழ்வே அதற்குக் குறையாகிவிட்டது.

காய்ந்த மண்ணில் நிலைமை வேறு. கரிசலும் சரளையும் கலந்த மைதானத்தில் கொக்கி கல்லில் இடித்தால் மரம் நசுங்கும், குழி விழும்; ஆனால் பெரும்பாலும் பிளக்காது. நசுங்கிய இடத்தை உப்புக் காகிதத்தால் தேய்த்து, வார்னிஷ் பூசி, டேப் சுற்றி மறுநாளே ஆடலாம். சேதம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கைக்கும் எட்டுகிறது. மரத்தின் மிகப் பெரிய நற்குணம் இதுதான். முறிவதற்கு முன் அது நிறைய எச்சரிக்கைகள் தருகிறது.

மறைவான செலவு ஒன்று உண்டு: ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு மர மட்டைகள் ஒரே மாதிரி உழைக்காது. மரத்துக்கு மரம் அடர்த்தி மாறும். வாங்கும்போது கொக்கியின் பக்கவாட்டில் இழைக்கோடுகளைப் பார்க்க வேண்டும். கோடுகள் நெருக்கமாகவும், வளைவோடு சேர்ந்து வளைந்து கொக்கி நுனிவரை அறுபடாமலும் ஓட வேண்டும். வளைவின் நடுவில் கோடுகள் விளிம்பில் முட்டி நின்றால், அந்த இடத்தில்தான் ஒருநாள் பிளக்கும். கணு இருக்கும் மட்டை வேண்டாம். பெயின்ட் கனமாகப் பூசி இழையையே மறைத்திருக்கும் மட்டையை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மர மட்டையின் தரத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை அந்தப் பெயின்ட் மூடிவிடுகிறது.

இழை சுற்றிய மர மட்டை

மரத்துக்கும் காம்போசிட்டுக்கும் இடைப்பட்ட பிறவி இது. உள்ளே மல்பெரி, வெளியே கண்ணாடி இழை அல்லது கார்பன் நாடா பிசினில் தோய்த்து ஒட்டப்பட்டிருக்கும். தண்ணீர் உள்ளே புகுவது குறைகிறது, விறைப்பு கொஞ்சம் கூடுகிறது, விலை அதிகம் ஏறுவதில்லை.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேல் உறை ஓரிடத்தில் கிழிந்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். உறைக்குள்ளேயே மரம் மக்கும். இந்த வகையில் கீறல் விழுந்த அன்றே அடைத்துவிட வேண்டும். அடைக்கும் பழக்கம் இருப்பவருக்கு, கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பது இதுதான்.

கண்ணாடி இழை மிகுந்த காம்போசிட்

காம்போசிட் மட்டையில் மரமே கிடையாது. கண்ணாடி இழை, கார்பன், சிலவற்றில் அதிர்வைக் குறைக்கும் அராமிட் என்ற செயற்கை இழை ஆகியவற்றின் துணிகளைப் பிசினில் தோய்த்து, அச்சில் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி வார்க்கிறார்கள். தண்டு உள்ளே குழாய்போலக் கூடாக இருக்கும். சிலவற்றில் நுரை நிரப்பியிருப்பார்கள்.

கண்ணாடி இழைக்குக் கார்பனைவிட நெகிழ்வு அதிகம். அடி வாங்கும்போது வளைந்து கொடுத்து மீளும். கார்பன் விறைப்பானது, எளிதில் வளையாது. அதனால் பந்துக்கு வேகம் கூடும். ஆனால் எல்லை மீறிய அடி விழுந்தால் வளைந்து தப்பிக்கத் தெரியாமல் விரியும். 'கார்பன் கூடினால் ஆயுள் கூடும்' என்ற நம்பிக்கை இங்கேதான் தவறுகிறது. கார்பன் சதவீதம் விறைப்பைச் சொல்கிறது, பொறுமையைச் சொல்லவில்லை. பிசின் என்ன தரம், இழைகள் எந்தக் கோணத்தில் அடுக்கப்பட்டன, கொக்கிப் பகுதியில் எத்தனை அடுக்கு என்பவை எதுவும் அந்த எண்ணில் இல்லை.

பயிற்சியில் மட்டையோடு மட்டை மோதுவது தினமும் நடக்கும். பந்தைப் பறிக்கும்போது எதிராளியின் மட்டை பக்கவாட்டில் வந்து அடிக்கும். ஹாக்கியில் மட்டை சாவதற்குப் பந்தைவிட இந்த மோதல்தான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அந்த அடியைத் தாங்கக் கண்ணாடி இழை மிகுந்த, கார்பன் பாதிக்கும் குறைவான மட்டை மேல். கல்லூரி, மாவட்ட அளவில் செயற்கைப் புல்தரையில் ஆடுபவருக்கு இதைத் தாண்டிப் போகத் தேவையில்லை.

உயர் கார்பன் மட்டை

தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கார்பன் என்று எழுதிய மட்டையைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். பெனால்டி கார்னர் என்ற தண்டனை வாய்ப்பில், பந்தை மட்டையால் இழுத்துக் கோலை நோக்கிச் சுண்டும் டிராக் ஃபிளிக் எடுப்பவருக்கும், தூரத்திலிருந்து ஓங்கி அடிக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் அது தரும் வேகத்தை மரத்தால் தர முடியாது. தண்ணீரால் கார்பன் உப்பாது. மழைக்காலத்திலும் கோடையிலும் ஒரே எடை, ஒரே சமநிலை. ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

ஆயுள் விஷயத்தில் அது எளிய துணை இல்லை. ஒவ்வொரு பலத்த அடியிலும் பிசினுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டாகின்றன. அவை கூடக்கூட அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும். மேல் வண்ணப்பூச்சு அப்படியே பளபளக்கும்; உள்ளே விறைப்பு போய்க்கொண்டே இருக்கும். மரம் தன் நோயை வெளியே காட்டும், கார்பன் மறைக்கும். பந்து முன்போலப் போகாதபோது பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஆடுபவரின் தவறு எதுவும் அதில் இல்லை.

ஆகவே சோதிக்கப் பழக வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தால் கொக்கியிலிருந்து கைப்பிடி வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று இருக்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். கொக்கியும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில் குறுக்காக ஒரு மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் பூச்சுக் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். குறுக்கே ஓடும் கோடு ஆபத்தானது. குலுக்கினால் உள்ளே ஏதாவது உருளும் சத்தம் கேட்டால் நுரையோ பிசின் துண்டோ பெயர்ந்திருக்கலாம்.

ரிவர்ஸ் பக்கம், அதாவது உடலின் இடப்பக்கத்தில், விளிம்பால் அடிப்பது இன்றைய ஆட்டத்தில் சாதாரணம். விதி அதை அனுமதிக்கிறது. வலப்பக்கத்திலிருந்து விளிம்பால் ஓங்கி அடிப்பதைத்தான் தடுக்கிறது. 156 முதல் 163 கிராம் எடையுள்ள கெட்டியான பந்தை மட்டையின் மெல்லிய ஓரத்தால், தரையை ஒட்டி, முழு வேகத்தில் அடிக்கிறோம். பந்து தவறினால் விளிம்பு தரையைச் சீவும். மணல் தூவிய புல்தரையில் இது உப்புக் காகிதத்தில் உரசுவதற்குச் சமம். கட்டாந்தரையில் செய்தால் ஒரே நாளில் விளிம்பு சிதறி இழை வெளியே வந்துவிடும். வெளியே நீட்டிய கார்பன் இழை கையில் ஏறினால் எடுப்பது கடினம். அந்த மட்டையை வைத்து ஆடினால் எதிராளிக்கும் காயம். நடுவர் பார்த்தால் வெளியே வைக்கச் சொல்வார்.

சின்னச் சிதறலுக்கு அரால்டைட் போன்ற இருகலவைப் பசை தடவி, காய்ந்தபின் மழமழவென்று தேய்த்துவிடலாம். தேய்க்கும்போது வரும் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடு. முகக்கவசம் போட்டு, ஈரம் வைத்துத் தேய்க்க வேண்டும். கழுத்தில் விரிசல் என்றால் பசை எதுவும் உதவாது. புது மட்டைதான்.

வெயிலையும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் மூடிய காரின் பின்பக்கத்திலோ தகர ஷெட்டிலோ மட்டையைப் போட்டுவைப்பது பிசினைப் பலவீனமாக்கும். மர மட்டை அதே இடத்தில் காய்ந்து வெடிக்கும். இரண்டையும் வீட்டுக்குள் நிழலில் சாய்த்து வைப்பதே நல்லது.

கடை ரசீதில் இல்லாத செலவுகள்

மர மட்டை சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. கண்ணாடி இழை காம்போசிட் சில ஆயிரம். வெளிநாட்டு உயர் கார்பன் மட்டைகள் இருபதாயிரத்தையும் தாண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

தெரியாத கணக்கு, உயர் கார்பன் எடுப்பவர் இரண்டு வாங்க வேண்டும் என்பது. எச்சரிக்கை குறைவாகவே தரும் மட்டையை ஒன்றே ஒன்றாக வைத்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போட்டிக்குப் போக முடியாது. காம்போசிட்டுக்குப் பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருகின்றன. ஆனால் பெரும்பாலும் அது தயாரிப்புக் குறைக்கு மட்டுமே. மட்டையோடு மட்டை மோதிய தழும்பு இருந்தால் கோரிக்கை நிற்பது கடினம். ரசீதை வைத்திருங்கள், வாங்கிய அன்றே நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. வளரும் வயதில் மட்டையின் நீளம் ஒன்றிரண்டு வருடங்களில் போதாமல் போகும். பத்து வயதில் 32 அங்குல மட்டை பிடித்த பிள்ளை பன்னிரண்டில் 34 அல்லது 35 கேட்கும். அந்த நிலையில் ஐந்து வருடம் உழைக்கும் மட்டைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, தம்பி தங்கைக்குக் கைமாறினால் ஒழிய, யாருக்கும் பயன்படாது.

| | காய்ந்த மண் தரை | தண்ணீர் தெளித்த புல்தரை | சேதம் தெரியுமா | பழுது |
|---|---|---|---|---|
| மரம் | நன்று | மோசம் | முன்கூட்டியே தெரியும் | வீட்டிலேயே முடியும் |
| இழை சுற்றிய மரம் | நன்று | சுமார் | உறை கிழிந்தால் தெரியும் | உடனே அடைத்தால் முடியும் |
| கண்ணாடி இழை மிகுந்த காம்போசிட் | சுமார் | நன்று | ஓரளவு | விளிம்பு மட்டும் |
| உயர் கார்பன் | மோசம் | நன்று, ஆனால் விறைப்பு குறையும் | தேடிப் பார்க்க வேண்டும் | விளிம்பு மட்டும் |

யாருக்கு எது

கோவில்பட்டியை எடுத்துக்கொள்வோம். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி இருவரும் அந்த ஊரில் பயின்றவர்கள். அங்கே இன்று செயற்கைப் புல்தரையும் இருக்கிறது, கரிசல் மைதானங்களும் இருக்கின்றன. காலையில் ஒன்றிலும் மாலையில் இன்னொன்றிலும் ஆடும் பிள்ளைகள் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் உண்டு. அவர்களுக்கு என் யோசனை, ஒரே விலையுயர்ந்த மட்டைக்குப் பதிலாக இரண்டு எளிய மட்டைகள்: மண்ணுக்கு இழை சுற்றிய மரம், புல்தரைக்குக் கார்பன் குறைந்த காம்போசிட். புல்தரை மட்டையை மண்ணில் எடுக்கவே கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இரண்டின் எடையும் நீளமும் ஒத்திருக்கும்படி பார்த்து வாங்கினால் கை குழம்பாது.

மண் தரை மட்டுமே உள்ள பள்ளி, புதிதாகப் பழகும் பிள்ளை: மரம் போதும். பந்தை நிறுத்தவும், ஒட்டிக்கொண்டு ஓடவும் கற்கும் பருவத்தில் மரத்தின் மென்மை உதவி செய்கிறது. விறைப்பான கார்பனில் பந்து பட்டதும் துள்ளி விலகும். கற்பவருக்கு அது கூடுதல் சிரமம். உள்ளரங்க ஹாக்கியிலும் இதே காரணத்துக்காக இன்றும் மர மட்டையைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே பந்தை அடிக்கக் கூடாது, தள்ள மட்டுமே செய்யலாம். தரையில் ஈரமும் இல்லை.

மாவட்டம், பல்கலைக்கழகம் என்று புல்தரையில் வாரத்தில் பல நாள் ஆடுபவர் முப்பது முதல் ஐம்பது சதவீத கார்பனில் நிற்கலாம். மாநில அணி வாசலில் நிற்கும் டிராக் ஃபிளிக் நிபுணருக்கு உயர் கார்பன் தேவைதான். அதை நீண்ட நாள் வரும் என்று நினைத்து வாங்க வேண்டாம். கூடுதல் வேகத்துக்குக் கொடுக்கும் விலை அது. அந்த மட்டையைப் போட்டிக்கும், ஃபிளிக் பயிற்சிக்கும் மட்டும் எடுத்து, மற்ற நாள் பயிற்சியைப் பழைய மட்டையில் செய்தால் அதன் ஆயுள் கணிசமாக நீளும்.

முழங்கை வலியோடு ஆடும் மூத்தவர்கள் ஆயுளைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அதிர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அவர்களுக்கு மரம், அல்லது அராமிட் கலந்த மிதமான காம்போசிட்.

விளையாட்டு விடுதிக்கோ பள்ளிக்கோ மொத்தமாக வாங்குபவர்கள், பணத்தின் ஒரு பகுதியைக் கிரிப், டேப், பசை, உப்புக் காகிதம் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் மட்டை வாங்குங்கள். ஈரமான மட்டைகளைச் சிமெண்ட் தரையில் குவித்துப் போடாமல் தொங்கவிட ஒரு மரச்சட்டம் அடித்துக்கொடுங்கள். வாரம் ஒருமுறை மூத்த மாணவர் ஒருவர் எல்லா மட்டைகளையும் நாணயத்தால் தட்டிப் பார்த்து, சந்தேகமானவற்றைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். கழுத்தில் விரிசல் கண்ட மட்டையைச் சின்னப் பிள்ளைகளின் பயிற்சிக்குத் தள்ளிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். முறிந்த துண்டு பறந்து வந்தால் முகத்தில் படுவது அந்தச் சின்னப் பிள்ளைக்குத்தான்.